பருப்புக்கு ஒரு தண்ணீர், பாத்திரத்துக்கு ஒரு தண்ணீர்

கேளுங்கள் டீச்சரை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டீச்சர், என் வீடு சிங்கப்பூரில், யீஷூனில். மகளின் பிரசவத்துக்காக லாஸ் வேகஸ் வந்து மூன்று மாதம் முடியப்போகிறது. இங்கே குழாயில் வருவது தண்ணீரா, சுண்ணாம்புக் கரைசலா என்றே சந்தேகமாக இருக்கிறது. புதுக் கெட்டில் இரண்டே வாரத்தில் வெள்ளையடித்த சுவர்போல் ஆகிவிட்டது. கண்ணாடித் தம்ளர்கள் எல்லாம் மங்கிவிட்டன. தேக்காவில் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்த துவரம்பருப்பு ஐந்து விசில் விட்டும் முழு முழுதாகக் கிடக்கிறது. இப்போது மகளுக்குத் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. குழந்தையின் கன்னமும் முழங்கையும் சொரசொரப்பாக இருக்கின்றன. வீடு முழுவதற்கும் தண்ணீரை மென்மையாக்கும் கருவி பொருத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு விற்பனையாளர் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். விலையைக் கேட்டு மருமகன் மலைத்துப் போய் உட்கார்ந்திருக்கிறார். வாங்கலாமா? இந்தத் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?
— ஒரு யீஷூன் பாட்டி

பதில்: பாட்டியானதற்கு முதலில் வாழ்த்துகள்.

கடைசிக் கேள்விக்கு முதல் பதில். ஆறு மாதம் முடியும்வரை குழந்தைக்கு எந்தத் தண்ணீரும் வேண்டாம். தாய்ப்பாலோ மாவுப்பாலோ போதும். "தொண்டை நனைய ஒரு கரண்டி" என்று நம் தலைமுறை செய்ததை எல்லாம் அங்கே கொண்டுபோகாதீர்கள்.

இனித் தண்ணீர்மேல் நீங்கள் வைத்திருக்கும் வழக்குக்கு வருகிறேன். கெட்டில், தம்ளர், பருப்பு, முடி, குழந்தையின் தோல் என்று ஐந்து குற்றச்சாட்டுகள். முதல் மூன்றும் தண்ணீரின் வேலைதான். முடி விஷயத்தில் அது நிரபராதி. தோல் விஷயத்தில் சந்தேகத்தின் பலனை அதற்குக் கொடுக்கலாம்.

அந்தத் தண்ணீர் எனக்குப் பழக்கம். 2019-இல் லாஸ் வேகஸை ஒட்டிய ஹெண்டர்சனில், தங்கை மகன் வீட்டில் ஆறு வாரம் இருந்தேன். முதல் சனிக்கிழமையே ஹூவர் அணைக்கு அழைத்துப் போனான். எல்லாரும் அணையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்தது ஏரியை. மீட் ஏரியின் நீர்மட்டம் இறங்கியிருந்ததால், அதைச் சுற்றிய செம்பழுப்புப் பாறைகளில் பழைய மட்டம்வரை ஒரு வெள்ளைப் பட்டை தெரிந்தது. நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடிக் கட்டடக் கணக்கில் பத்துப் பன்னிரண்டு மாடி உயரத்துக்குக் குறையாது. குளியல் தொட்டியில் சோப்புக் கறை வளையமாகப் படியுமே, அதே மாதிரி. ஏரித் தண்ணீர் பாறையில் விட்டுப்போன சுண்ணாம்பு அது. உங்கள் கெட்டிலுக்குள் இருப்பதும் அதுதான், வேறொன்றுமில்லை.

லாஸ் வேகஸ் ஆண்டு முழுவதும் பெறும் மழை ஏறத்தாழ 100 மில்லிமீட்டர். டிசம்பர் மாதத்தில் இரண்டு நாள் அடைமழை பிடித்தால் சிங்கப்பூரில் அதைவிட அதிகம் கொட்டிவிடும். அதனால் அந்த ஊர் தன் தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்கை கொலராடோ ஆற்றிலிருந்து, மீட் ஏரி வழியாக எடுக்கிறது. ராக்கி மலைப் பனி உருகி வரும்போது அது நல்ல மென்னீர்தான். நூற்றுக்கணக்கான மைல் சுண்ணாம்புப் பாறையையும் ஜிப்சத்தையும் தழுவி வரும் வழியில் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொள்கிறது. பிறகு ஏரியில் தேங்கி நிற்கையில் பாலைவன வெயில் தண்ணீரை மட்டும் உறிஞ்சிக்கொண்டு தாதுக்களை விட்டுவைக்கிறது. ரசத்தைச் சுண்டவிட்டால் உப்புக் கூடுவதுபோல. கடைசியில் குழாய்க்கு வரும்போது லிட்டருக்குச் சுமார் 280 மில்லிகிராம் கடினத்தன்மை. 180-ஐத் தாண்டினாலே "மிகக் கடின நீர்" என்பது அமெரிக்கக் கணக்கு. விற்பனையாளர் "பதினாறு கிரெயின்" என்று மிரட்டியிருந்தால் அதுவும் இதே அளவுதான். அவர்கள் சொல்லும் ஒரு கிரெயின் என்பது லிட்டருக்கு 17.1 மில்லிகிராம். வீட்டில் ஒரு நாளைக்கு 500 லிட்டர் புழங்கினால் 140 கிராம் சுண்ணாம்புக்குச் சமமான தாது உள்ளே வந்து போகிறது. பெரும்பகுதி சாக்கடையோடு போய்விடும். சூடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் தங்கும். கெட்டிலையும் வெந்நீர்த் தொட்டியையும் அது பிடித்துக்கொள்வது அதனால்தான். தண்ணீர் சுடும்போது கரைந்திருக்கும் பைகார்பனேட் உடைந்து, கரையாத கார்பனேட்டாகப் படிகிறது.

இதைக் குடிக்கலாமா என்றால், பெரியவர்கள் தாராளமாகக் குடிக்கலாம். கால்சியமும் மக்னீசியமும் விஷமல்ல. உலகச் சுகாதார நிறுவனம் உடல்நலக் காரணத்துக்காகக் கடினத்தன்மைக்கு வரம்பு எதுவும் வைக்கவில்லை. சுவை பிடிக்கவில்லை என்பது வேறு வழக்கு. எனக்கும் பிடிக்கவில்லை.

பருப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இது நமக்குப் புதிய சங்கதியே இல்லை. என் அம்மா ராமநாதபுரம் பக்கத்து ஊரிலிருந்து கல்யாணமாகிச் சிங்கப்பூர் வந்தவர். அவர் பிறந்த வீட்டில் எப்போதும் இரண்டு குடம். ஒன்றில் ஊருணித் தண்ணீர், இன்னொன்றில் கிணற்றுத் தண்ணீர். ஊருணியில் நிற்பது மழைநீர். குடிக்கவும், உலை வைக்கவும், பருப்பு வேகவைக்கவும் அதுதான். கிணற்று நீர் பாத்திரத்துக்கும் துணிக்கும். குடத்தை மாற்றி எடுத்த மருமகள் அன்றைக்குச் சாம்பாரில் மாட்டிக்கொள்வாள். சிங்கப்பூருக்கு வந்த புதிதில், "எந்தக் குழாய்த் தண்ணீரில் வைத்தாலும் பருப்பு வெந்துவிடுகிறதே" என்று அம்மா வியந்து வியந்து சொல்வாராம். முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் மனையியல் சொல்லிக்கொடுத்த எனக்கு, பாடப்புத்தகத்துக்கு முன்பே கடின நீர்ப் பாடம் நடந்தது அம்மாவின் வாயில்தான்.

பருப்பின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பசை பெக்டின். கால்சியம் போய் அந்தப் பசையை இறுக்கிவிடுகிறது. எத்தனை விசில் விட்டாலும் தோற்றத்தில் வெந்ததாகவும் கரண்டியால் மசித்தால் மசியாததாகவும் இருக்கும். நீங்கள் செய்யவேண்டியது இதுதான்: பருப்பை ஊறவைக்கவும் வேகவைக்கவும் ஆர்ஓ வடிகட்டியின் நீரையோ கேன் தண்ணீரையோ எடுங்கள். அவசரத்துக்கு ஒரு சிட்டிகை ஆப்பச்சோடா போடலாம். சிட்டிகைதான். கூடினால் சோப்பு வாடை வரும். பருப்பு குழைந்த பிறகே புளியை ஊற்றுங்கள். புளிப்பும் பருப்பை வேகவிடாது, அந்தப் பழியும் தண்ணீர்மேல் விழவேண்டாம். இன்னொன்று, தேக்காவில் வாங்கிய பருப்பு உங்கள் அலமாரியில் எத்தனை மாதம் இருந்துவிட்டு விமானம் ஏறியது? பழைய பருப்பு எந்த ஊர்த் தண்ணீரிலும் அடம்பிடிக்கும்.

கெட்டிலுக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் பாதிப் பாதி ஊற்றி ஒரு கொதி விட்டு, அரைமணி நேரம் அப்படியே வையுங்கள். நுரைத்துப் பொங்கும். குழந்தைகள் இருந்தால் காட்டுங்கள், பள்ளியில் நான் காட்டுவேன். பிறகு நன்றாக அலசிவிட்டு, வெறும் தண்ணீரை ஒரு முறை கொதிக்கவைத்துக் கொட்டுங்கள். குளியலறைத் தூவாலைக் குழாயில் துளைகள் அடைத்திருந்தால், ஒரு பிளாஸ்டிக் பையில் வினிகர் ஊற்றி அதன் தலையில் மாட்டி, ரப்பர் வளையம் போட்டு இரவு முழுவதும் விடுங்கள். இட்லிப் பானைத் தண்ணீரில் பிழிந்த எலுமிச்சைத் தோலையோ கொட்டைப்பாக்களவு புளியையோ போடும் நம் வழக்கம் அங்கேதான் முழுப் பயன் தரும். இரண்டு எச்சரிக்கை: சலவைக்கல் மேடையில் வினிகர் படக்கூடாது, கல் அரித்துவிடும். குளோரின் பிளீச்சோடு வினிகரைக் கலக்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

மங்கிய தம்ளரில் ஒரு சொட்டு வினிகர் விட்டுத் துடைத்துப் பாருங்கள். தெளிந்தால் அது சுண்ணாம்பு. தெளியாவிட்டால் கண்ணாடியே அரித்துப்போயிருக்கிறது, அதை மீட்க முடியாது. வெந்நீர்த் தொட்டியிலிருந்து பொரி பொரிவதுபோல் சத்தம் வருகிறதா என்றும் மருமகனைக் கேட்கச் சொல்லுங்கள். அடியில் சேர்ந்த படிவத்துக்குக் கீழே நீர் கொதித்து வெடிக்கும் சத்தம் அது. ஆண்டுக்கு ஒரு முறை தொட்டியின் அடி நீரை வெளியேற்றிவிடவேண்டும். சூட்டை 49 பாகை செல்சியஸில் வைத்தால் படிவும் குறையும், குழந்தை கையை நீட்டினாலும் ஆபத்து குறைவு.

இனி முடி. அம்மா, உங்கள் மகளுக்குக் குழந்தை பிறந்து எத்தனை வாரம் என்று எண்ணிப் பாருங்கள். கருவுற்றிருக்கும்போது ஹார்மோன்களின் தயவில் உதிராமல் நின்ற முடியெல்லாம், பிரசவமாகி இரண்டு முதல் நான்கு மாதத்துக்குள் சேர்ந்து கொட்டும். யீஷூனிலேயே இருந்திருந்தாலும் கொட்டியிருக்கும். உங்களுக்கும் கொட்டியிருக்கும், மறந்திருப்பீர்கள். பெரும்பாலும் ஓராண்டுக்குள் திரும்ப அடர்ந்துவிடும். அதற்கு மேலும் நீடித்தாலோ மிகுந்த சோர்வு இருந்தாலோ இரும்புச்சத்தையும் தைராய்டையும் பரிசோதிக்கவேண்டும். கடின நீர் முடியைச் சொரசொரப்பாக்கும், பளபளப்பைக் குறைக்கும். வேரோடு பிடுங்காது. சொரசொரப்புக்கு ஒரு பழைய மருந்து இருக்கிறது, சீயக்காய். சோப்பு கால்சியத்தோடு சேர்ந்து திரிந்து, கறையாகப் படியும். சீயக்காயின் நுரை வேறு வகைப் பொருளிலிருந்து வருவதால் அப்படித் திரிவதில்லை. கிணற்றுத் தண்ணீர் ஊரில் நம் பாட்டிகள் நீளமாய்ப் பின்னல் போட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

குழந்தையின் தோலுக்கு நான் முதலில் சந்தேகிப்பது காற்றை. கோடையில் அங்கே ஈரப்பதம் பல நாள் 20 விழுக்காட்டுக்கும் கீழே போகும். நாம் 80-இல் ஊறிப்போனவர்கள். ஹெண்டர்சனில் மூன்றாம் நாளே என் குதிகால் வெடித்துவிட்டது, நான் தண்ணீரைத் திட்டினேன். சோப்புக்கும் பங்குண்டு. கடின நீரில் சோப்பு முழுதாக அலசிப் போகாமல் தோலில் தங்கி எரிச்சல் தரும். வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளிப்பாட்டி, சோப்புக் கட்டிக்குப் பதிலாகக் குழந்தைகளுக்கான வாசனையற்ற திரவத்தைக் கொஞ்சமாகப் பூசி, ஈரம் காய்வதற்குள் களிம்பு தடவச் சொல்லுங்கள். கடலைமாவு போட்டுத் தேய்க்கவேண்டாம். சிவந்து அரித்தால் மருத்துவரிடம் காட்டவேண்டும்.

கருவி பொருத்தினால் தோல் சரியாகுமா? இங்கிலாந்தில் இதையே சோதித்தார்கள். கரப்பான் என்ற தோல் அரிப்பு நோய் இருந்த 336 பிள்ளைகளில் ஒரு பகுதியினர் வீட்டில் மட்டும் மென்மையாக்கும் கருவியைப் பொருத்திப் பன்னிரண்டு வாரம் பார்த்தார்கள். 2011-இல் முடிவு வெளியானது. கருவி இருந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கூடுதல் குணம் எதுவும் தெரியவில்லை. ஆகவே குழந்தையைக் காட்டிக் கருவி விற்பவரிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

குழந்தை அறையில் ஈரப்பதமூட்டி ஓடுகிறதா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் அங்கே பாதி வீடுகளில் பார்த்தேன். அதிர்வால் பனிபோல் தெளிக்கும் வகையானால் அதில் குழாய் நீரை ஊற்றாதீர்கள். தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு தூளாகிக் காற்றில் மிதந்து மேசைமேல் வெள்ளையாகப் படியும். மேசையில் படிவது மூச்சிலும் போகும். காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஊற்றவேண்டும்.

சரி, கருவி வாங்கலாமா? அது பொல்லாத பொருளில்லை. உள்ளே இருக்கும் பிசின் மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். மணிகள் நிறைந்ததும் உப்புநீரால் கழுவிக்கொள்ளும். மூட்டை மூட்டையாக உப்பு வாங்கிப் போடவேண்டும். சொந்த வீடாக இருந்து, அங்கேயே பல ஆண்டுகள் வாழப்போவதாக இருந்தால், வெந்நீர்த் தொட்டியும் துணி துவைக்கும் இயந்திரமும் கூடுதல் காலம் உழைக்கும். அந்தக் கணக்குக்காக வாங்கலாம். முடிக்காகவும் தோலுக்காகவும் வேண்டாம். வாடகை வீடென்றால் யோசிக்கவே வேண்டாம். வாங்குவதாக இருந்தால் கராஜில் அதற்கென்று குழாய் இணைப்பு விட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள், புதிய வீடுகள் பலவற்றில் இருக்கும். நாள் கணக்கில் கழுவிக்கொள்ளும் வகை வேண்டாம், செலவான நீரை அளந்து கழுவிக்கொள்ளும் வகையாக இருக்கட்டும். அந்த ஊரில் வீட்டுக்குள் புழங்கிய நீரைச் சுத்திகரித்து மறுபடியும் மீட் ஏரிக்கே அனுப்புகிறார்கள். (சிங்கப்பூரில் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தரும் புதுநீர் என்றால் முகம் சுளிக்கும் என் அண்டைவீட்டு மாமி, லாஸ் வேகஸில் ஒரு மாதம் மகிழ்ச்சியாகக் காப்பி குடித்துவிட்டு வந்தார்.) நீங்கள் கொட்டும் உப்பும் அந்த வழியாகத்தான் ஏரிக்குப் போகிறது.

மென்மையாக்கிய நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 130 மில்லிகிராம் சோடியம் கூடிவிடும். இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைத்திருப்பவர்கள் அதைக் குடிக்கக்கூடாது. மாவுப்பால் கரைக்கவும் கூடாது. நான் உங்கள் மகளாக இருந்தால், சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டியின் அடியில் ஒரு சின்ன ஆர்ஓ வடிகட்டி மட்டும் பொருத்திக்கொள்வேன். குடிக்க, உலைக்கு, பருப்புக்கு, கெட்டிலுக்கு அந்தக் குழாய். மற்றதற்கெல்லாம் கொலராடோ ஆறு. ஊருணிக் குடமும் கிணற்றுக் குடமும் போலத்தான். மருமகன் முகமும் தெளிந்துவிடும்.

கேள்வி: புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் வீட்டுக்கு ஒருவர் வந்தார். குழாய்த் தண்ணீர் ஒரு தம்ளர், அவர் கொண்டுவந்த தண்ணீர் ஒரு தம்ளர். இரண்டிலும் மின்கம்பிகளை விட்டார். எங்கள் தண்ணீர் பழுப்பாகிச் சேறுபோல் திரண்டது. அவருடையது தெளிவாகவே இருந்தது. "இதைத்தான் குடிக்கிறீர்கள்" என்றார். பயந்து முன்பணம் கொடுத்துவிட்டேன்.

பதில்: முடிந்தால் முன்பணத்தைத் திரும்பக் கேளுங்கள். அந்தச் சேறு தண்ணீரில் இருந்தது அல்ல, கம்பியில் இருந்தது. ஒரு கம்பி இரும்பு. மின்சாரம் பாய்ந்ததும் அது கரைந்து துருவாகத் திரள்கிறது. மின்சாரம் பாயத் தண்ணீரில் ஏதாவது தாது இருக்கவேண்டும். நம் குழாய் நீரில் கொஞ்சம் இருக்கிறது, அவர் வடிகட்டிய நீரில் கிட்டத்தட்ட இல்லை. அடுத்த முறை யாராவது வந்தால் அவருடைய தம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும். என் வீட்டு வாசலில் இதைச் செய்தபோது அந்தத் தம்பி பெட்டியை மூடிக்கொண்டு லிஃப்டுக்கு நடந்துவிட்டார். அவர்கள் காட்டும் இலக்க மீட்டரும் கரைந்த தாதுக்களின் அளவைத்தான் சொல்லும், கிருமியைச் சொல்லாது. நம் தண்ணீர் நீர்த்தேக்கம், ஜொகூர், புதுநீர், கடல்நீர்ச் சுத்திகரிப்பு என்ற நான்கு வழிகளில் வருகிறது. லாஸ் வேகஸ் நீரோடு ஒப்பிட்டால் மென்மையானது. நேராகக் குழாயிலிருந்து குடிக்கலாம்.

கேள்வி: அரிசோனாவில் படிக்கும் மகன், தேநீர் போட்டால் மேலே எண்ணெய்ப்படலம்போல் மிதக்கிறது என்கிறான். பாத்திரம் அழுக்கா?

பதில்: பாத்திரத்தைத் தேய்க்காத பையன் என்று நீங்கள் சந்தேகிப்பது புரிகிறது, ஆனால் இந்த முறை அவன் பக்கம் நியாயம் இருக்கிறது. தேயிலைச் சாறும் கால்சியமும் காற்றுப்படும் மேற்பரப்பில் சேர்ந்து உண்டாக்கும் ஆடை அது. தே ஓவில் (பால் சேர்க்காத தேநீரில்) நான்கு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் மறைந்துவிடும். பால் ஊற்றிக் குடிப்பவனென்றால் கேன் தண்ணீரில் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: சுண்ணாம்புத் தண்ணீர் குடித்தால் சிறுநீரகக் கல் வருமென்று என் மாமனார் சொல்கிறார். அடுத்த மாதம் துபாய் போகிறோம்.

பதில்: கடின நீரைவிட, குடிக்காத நீர்தான் கல்லை வளர்க்கிறது. வெப்பமான, வறண்ட ஊரில் வியர்வை தோலிலேயே காய்ந்துவிடுவதால் தாகம் தெரியாது, சிறுநீர் அடர்ந்துவிடும். துபாய்க் குழாயில் வருவது பெரும்பாலும் சுத்திகரித்த கடல்நீர், அதனால் மாமனார் சுண்ணாம்பைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. போத்தலை மட்டும் அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.